ராத்திரி மாற்றினேன், காலையில் மாட்டினேன்

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் பாலிசியை மாற்றுவது, மாற்றிய மறுநாள் வாங்கிக் கட்டிக்கொள்வது. மாற்றியவர்களும் எழுதியிருக்கிறார்கள், மாற்றத்தில் சிக்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வேறு கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் 200 கம்ப்யூட்டர், தனியாக ஒரு கிளையும் உண்டு. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து குரூப் பாலிசியில் (எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடும் விண்டோஸ் வசதி) புது ப்ராக்ஸி (இன்டர்நெட்டுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் சர்வர்) முகவரியைப் போட்டேன், பழைய ப்ராக்ஸியை அப்போதே அணைத்தும்விட்டேன். காலையில் சிலருக்கு இன்டர்நெட் வருகிறது, சிலருக்கு வரவில்லை. கிளையில் ஒருவருக்கும் வரவில்லை. மதியத்துக்கு மேல் தானாகவே சரியாகிவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராத்திரி 11 மணிக்கு அந்த 200 கம்ப்யூட்டரில் எத்தனை ஓடிக்கொண்டிருந்தன?

நாம் எல்லோரும் "பாலிசியைத் தள்ளினேன்" என்று பேசிப் பழகிவிட்டோம், அங்கேதான் கோளாறு. குரூப் பாலிசியை யாரும் எங்கும் தள்ளுவதில்லை. சர்வரில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத் தோன்றும்போது வந்து "புதுசாக ஏதாவது இருக்கிறதா" என்று பார்த்து எடுத்துப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். எல்லாமே ஒரே நேரத்தில் வந்து மோதக் கூடாது என்பதற்காக அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை இஷ்டப்படி கூட்டிக்கொள்ளும். ஆக, மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேர 2 மணி நேரம் வரை ஆகலாம், அதுவும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால், நெட்வொர்க்கில் இருந்தால். அணைத்து வைத்த கம்ப்யூட்டர் காலையில் எழும்போது வரும். பயனர் பக்கத்து செட்டிங் என்றால் அந்த ஆள் லாகின் செய்யும்போதுதான் வரும். பாலிசியை வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர்களான உங்கள் டொமைன் கண்ட்ரோலர்கள் மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கின்றன. சர்வரில் உட்கார்ந்து சோதிக்கிறவர்களுக்கு எல்லாம் உடனே வேலை செய்வதுபோல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தக் கிளை. அங்கே தனியாக ஒரு டொமைன் கண்ட்ரோலர் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு இடங்களுக்கு நடுவே தகவல் பரிமாறிக்கொள்ளும் இடைவெளி, நீங்கள் கை வைக்காமல் விட்டிருந்தால், 180 நிமிடம். அதாவது உங்கள் பாலிசி கிளையின் சர்வருக்குப் போய்ச் சேரவே 3 மணி நேரம் ஆகலாம், அங்கிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ள இன்னும் 2 மணி நேரம். போதாததற்கு ஒரு பாலிசி இரண்டு துண்டாக வாழ்கிறது: ஒரு பாதி ஆக்டிவ் டைரக்டரி என்ற பயனர், கம்ப்யூட்டர் பதிவேட்டில், இன்னொரு பாதி சர்வரில் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டரில். ஒரு பாதி வந்து இன்னொரு பாதி வராமல் நிற்கிற வேடிக்கையும் நடக்கும். கிளையில் என்ன நடந்தது என்று சரியாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு சர்வரிலும் அந்தப் பாலிசியின் பதிப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தப்பு பாலிசியில் இல்லை, பழைய ப்ராக்ஸியை அன்றே அணைத்ததில் இருக்கிறது. புதியதும் பழையதும் குறைந்தது இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். பழையதன் லாகை (யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவை) தினமும் ஒரு பார்வை பாருங்கள். முதல் நாள் எக்கச்சக்கமாக வரும், மூன்றாம் நாள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறையும், அதற்குப் பிறகும் விடாமல் வந்துகொண்டிருக்கும் நாலைந்து முகவரிகள்தான் உங்களுக்கு வேண்டிய பொக்கிஷம்: லீவில் இருந்துவிட்டு வந்தவரின் லேப்டாப், பாலிசியே எட்டாத ஏதோ ஒரு கருவி, யாரோ எப்போதோ கையால் முகவரியை எழுதி வைத்த ஒரு பழைய மென்பொருள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்த்து, லாக் அடங்கின பிறகு அணையுங்கள்.

அடுத்த முறைக்கு இன்னொன்று. ப்ராக்ஸியின் ஐபி முகவரியை நேரடியாகப் பாலிசியில் எழுதாதீர்கள். ஒரு பெயர் வையுங்கள், அந்தப் பெயர் எங்கே போகிறது என்பதைப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவின் ஆயுள் ஒரு நாள் என்று இருந்தால், மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பாகவே அதை 5 நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். மாற்றுகிற நிமிடத்தில் குறைத்தால் பிரயோஜனம் இல்லை, பழைய பதிலைக் கையில் வைத்திருக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்க அதையே வைத்திருப்பார்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு காத்திருப்பு? எல்லா கம்ப்யூட்டரிலும், பாலிசியை உடனே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் போட்டு ஓட்டிவிட்டால் ஒரே அடியில் முடிந்ததே!

முடியும், சிலருடைய வேலையும் சேர்ந்து முடியும்.

ஃபோர்ஸ் என்றால் மாறினதை மட்டும் எடுப்பதில்லை, மாறாத பாலிசி உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுகிறது. அதில் லாகின் சமயத்தில் மட்டுமே ஏறக்கூடிய மென்பொருள் நிறுவல், ஃபோல்டர் திசைதிருப்பல் போன்றவை இருந்தால் "லாகாஃப் செய்யட்டுமா" என்று கறுப்புத் திரையில் கேட்கும். பாதி எழுதின அறிக்கையைச் சேமிக்காமல் வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைப் படிக்க மாட்டார், அது போனால் போதும் என்று ஒய்யைத் தட்டுவார். பாலிசி கன்சோலிலிருந்து மொத்தமாக ஓட்டினாலும் அது ஃபோர்ஸ்தான். 10 நிமிடத்துக்குள் முன்பின்னாகப் பயனர்களின் திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் தானாகத் திறந்து மூடும். வைரஸ் வந்துவிட்டது என்று போன் வரும். போன் செய்தவர்களைக் குறை சொல்லாதீர்கள், சந்தேகப்பட வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்ததே நாம்தான்.

அவசரப் பாதுகாப்புச் சங்கதி என்றால் ஓட்டுங்கள், ஓட்டுவதற்கு முன் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். மற்றபடி ஃபோர்ஸ் இல்லாத வெறும் ஜிபிஅப்டேட் போதும்.

கேள்வி: நான் ஐடி இல்லை, கணக்குப் பிரிவு. நெட்வொர்க் டிரைவில் எக்ஸல் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே டிரைவ் காணாமல் போகிறது, சேவ் ஆகாது என்கிறது, இரண்டு நிமிடத்தில் டிரைவ் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது. கேட்டால் "நெட்வொர்க் பிரச்னை" என்கிறார்கள்.

டிரைவ் போகிற நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் இருந்தால் அது கேபிள் கோளாறு இல்லை. மேலே முதல் பதிலில் சொன்ன 90 நிமிடக் கணக்கைப் பாருங்கள், அதேதான்.

உங்கள் ஐடி ஆளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நெட்வொர்க் டிரைவை இணைத்துத் தரும் டிரைவ் மேப் பாலிசியில் நான்கு செயல் உண்டு: கிரியேட், ரீப்ளேஸ், அப்டேட், டெலீட். ரீப்ளேஸ் என்று பேர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது செய்வது, இருக்கிற டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவது. நீங்கள் அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களா என்று பார்க்காது. அதை அப்டேட் என்று மாற்றச் சொல்லுங்கள். இந்த மாதிரிப் புகார் வந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

டிரைவில் வெறும் சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் தெரிந்து, க்ளிக் செய்ததும் திறந்துகொண்டால் அது வேறு. கொஞ்ச நேரம் யாரும் தொடாத இணைப்பை சர்வர் விட்டுவிடுகிறது, வழக்கமாக 15 நிமிடம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: எஸ்எம்பி1 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) ஆபத்து, உடனே நிறுத்து என்கிறார்கள். நிறுத்தினால் எது எது உடையும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. நான் அந்த வழியைத் தெரிந்துகொண்டது எல்லாம் உடைந்த பிறகு.

2017 மே மாதம், எஸ்எம்பி1 வழியாகப் பரவி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வந்து உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிய சமயம். அப்போது நான் இருந்த ஆபீஸிலும் எல்லோருக்கும் பதற்றம், ஒரே சாயங்காலத்தில் எல்லா சர்வரிலும் எஸ்எம்பி1ஐ நிறுத்தினோம். மறுநாள் ஒரு போன் கூட வரவில்லை. என்ன சாமர்த்தியம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். நாலாம் நாள் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் வந்து, ஸ்கேன் செய்த ஒப்பந்தங்கள் ஃபோல்டரில் இல்லையே என்றார். போய்ப் பார்த்தால், காப்பியர் மெஷின் பழசு, அதற்கு எஸ்எம்பி1 தவிர வேறு பேசத் தெரியாது. தாளை உள்ளே இழுக்கிறது, விளக்கு ஓடுகிறது, தாள் வெளியே வருகிறது, ஸ்கேன் ஆனதுபோலத்தான் எல்லாம். அனுப்ப முடியவில்லை என்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துத் துப்பியிருக்கிறது. ட்ரேயின் கீழே அப்படி அறுபது எழுபது சீட்டு கிடந்தது. அதை யாரும் குப்பை என்று நினைத்தார்களே தவிர, செய்தி என்று நினைக்கவில்லை. அவ்வளவு தாள்களையும் அந்த அம்மா மறுபடி ஸ்கேன் செய்தார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செய்திருக்க வேண்டியது இது: நிறுத்துவதற்கு முன்னால் விண்டோஸ் சர்வரில் எஸ்எம்பி1 தணிக்கையை ஆன் செய்தால் போதும், பழைய மொழியில் பேசி உள்ளே வருகிற ஒவ்வொரு கருவியின் முகவரியும் எஸ்எம்பி சர்வருக்கென்று இருக்கும் ஆடிட் லாகில் 3000 என்ற எண்ணில் விழும். எதையும் தடுக்காது, பெயரை மட்டும் எழுதிக்கொள்ளும். நெட்வொர்க்கில் நாம் இறுக்க நினைக்கும் பல விஷயங்களுக்கும் இப்படி ஒரு ஒட்டுக்கேட்கிற நிலை உண்டு. என்டிஎல்எம் என்ற பழைய லாகின் முறையைக் கட்டுப்படுத்தும் பாலிசியில் தடுப்பதற்கு முன் தணிக்கை மட்டும் என்று வைக்கலாம். ஆக்டிவ் டைரக்டரியிடம் தகவல் கேட்க வரும் கையொப்பமில்லாத எல்டேப் இணைப்புகளுக்கு டொமைன் கண்ட்ரோலர் 2887 என்ற எண்ணில் நாளுக்கு ஒருமுறை மொத்தக் கணக்கு சொல்லும், லாக் அளவைக் கூட்டினால் 2889இல் ஒவ்வொன்றும் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்றே சொல்லும். சுவிட்சில் 802.1எக்ஸ் (அடையாளம் காட்டாத கருவியை உள்ளே விடாத முறை) கொண்டுவருகிறவர்களும் முதலில் மானிட்டர் நிலையில் ஓடவிட்டு, தேறாத கருவிகளை எண்ணிக்கொள்வார்கள்.

எத்தனை நாள் கேட்பது? ஒரு வாரம் என்று பல இடத்தில் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது நடுவில் வர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எழுந்து ஒரு ஃபைலை எடுத்து இன்னொரு இடத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் ஸ்க்ரிப்டுகள் எல்லா ஆபீஸிலும் உண்டு, அதை எழுதினவர் பெரும்பாலும் வேலையை விட்டுப் போயிருப்பார்.

கேள்வி: பாலிசியை நீக்கிவிட்டேன், ஆனால் செட்டிங் போகவே மாட்டேன் என்கிறது. பேய் ஏதும் பிடித்திருக்கிறதா?

பேய் இல்லை, பச்சை குத்தியிருக்கிறது. பாலிசி என்ற பகுதியில் போட்ட பெரும்பாலான செட்டிங்குகள் பாலிசி விலகினதும் தானே உதிர்ந்துவிடும். ப்ரிஃபரன்ஸ் என்ற பகுதியில் போட்டது உதிராது, "பாலிசி பொருந்தாதபோது இதை நீக்கு" என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் தவிர. எனவே இப்போது பழைய மதிப்பைத் திரும்ப எழுதும் இன்னொரு பாலிசி போடுங்கள். ஒரு மாற்றத்தைப் போடுவதற்கு முன்பே அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று ஒரு கம்ப்யூட்டரில் செய்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: சோதனைக்கு முதலில் யாரைத் தேர்ந்தெடுப்பது? இதுவரை ஐடி பிரிவில் உள்ள ஆறு பேருக்குத்தான் போட்டுப் பார்க்கிறோம், அங்கே எல்லாம் சரியாகவே வருகிறது.

வராமல் என்ன செய்யும்? ஐடி ஆட்களிடம் அட்மின் உரிமை இருக்கும், புது மெஷின் இருக்கும், சின்னத் தொந்தரவு வந்தால் தானே சரிசெய்துகொண்டு வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களை வைத்துச் சோதிப்பது சமையல்காரரே சாப்பிட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பதுபோல.

பிரிவுக்கு ஒருவராக எடுங்கள். அதிலும் எதற்கெடுத்தாலும் உங்களுக்கு மெயில் போடுகிற அந்த ஒருவர் இருப்பார் அல்லவா, அவரைக் கட்டாயம் சேருங்கள். விட்டால் எல்லோருக்கும் போட்ட பிறகு சொல்லப் போகிறார், அதை முன்னாலேயே சொல்லட்டும். மிகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, எப்போதும் வெளியே சுற்றும் லேப்டாப் ஒன்று. எட்டுப் பத்துப் பேர் போதும், பிறகு ஒரு முழுப் பிரிவு, அதன் பிறகு மற்றவர்கள். நேரமும் முக்கியம்: நள்ளிரவில் வேண்டாம், எல்லோரும் சீட்டில் இருக்கும் காலை பத்தரை மணிக்குப் போடுங்கள். பத்துப் பேருக்கு மட்டும் போகிற மாற்றத்தை அவர்கள் விழித்திருக்கும்போது போட்டால்தான் என்ன ஆகிறது என்று அவர்களும் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள்.

ஒரு பழைய பள்ளம் இங்கே உண்டு, இன்னும் பலர் விழுகிறார்கள். சோதனைக் குழுவுக்கு மட்டும் போக வேண்டும் என்று பாலிசி யாருக்குப் போகும் என்று தீர்மானிக்கும் செக்யூரிட்டி ஃபில்டரில் ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை (லாகின் ஆன எல்லோரையும்) எடுத்துவிட்டுக் குழுவை மட்டும் வைப்பார்கள், பாலிசி யாருக்குமே போகாது. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பயனருக்கான பாலிசியையும் கம்ப்யூட்டரின் அக்கவுண்ட்தான் போய்ப் படிக்கிறது. அதற்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால் கதவு சாத்தியதுதான். டெலிகேஷன் பக்கத்தில் டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்குப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள், அமல்படுத்தும் உரிமை வேண்டாம். பிறகு சோதனைக் கம்ப்யூட்டரில் ஜிபிரிசல்ட் ஓட்டினால் எந்தப் பாலிசி ஏறியது, எது எதனால் ஏறவில்லை என்று அதுவே சொல்லும்.

கேள்வி: தொலைவிலிருந்து ஃபயர்வால் விதியை மாற்றினேன், நானே வெளியே பூட்டப்பட்டுவிட்டேன். அசடு வழிந்தபடி நேரில் போய்ச் சரிசெய்தேன். உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

நடக்காதவர் யாராவது இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் கருவி செய்கிறவர்களுக்கே இது தெரியும். ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்ட் என்று போட்டால், நீங்கள் 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். உபுண்டு லினக்ஸில் நெட்ப்ளான் ட்ரை என்பது 120 விநாடி காத்திருந்து அதே வேலையைச் செய்யும். சிஸ்கோவில் பழைய ஆட்கள், 10 நிமிடத்தில் ரீலோட் (ரீஸ்டார்ட்) ஆகச் சொல்லிவிட்டு, சேமிக்காமல் மாற்றிப் பார்த்து, சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்வார்கள். விண்டோஸில் நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்: இருக்கிற ஃபயர்வால் விதிகளை ஒரு ஃபைலில் ஏற்றுமதி செய்துவிட்டு, 15 நிமிடம் கழித்து அதைத் திரும்ப இறக்குமதி செய்யும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் வையுங்கள். மாற்றம் சரியாக வந்தால் டாஸ்கை அழித்துவிடலாம்.

ஆனால் குரூப் பாலிசி வழியாகப் போகும் ஃபயர்வாலில் இந்த வித்தை பலிக்காது, அங்கே இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வெளியே போகும் இணைப்புகளை மொத்தமாகத் தடுத்து ஒரு பாலிசி போட்டு, டொமைன் கண்ட்ரோலருக்குப் போகும் வழியைத் திறந்துவிட மறந்தீர்கள் என்று வையுங்கள். தப்பை உடனே உணர்ந்து சர்வரில் திருத்தினாலும் அந்தத் திருத்தத்தை எடுத்துப் போகக் கம்ப்யூட்டரால் வர முடியாது. திருத்தம் வர வேண்டிய பாதையைத்தானே அடைத்திருக்கிறோம். பிறகு ஒவ்வொரு மேசையாக நடக்க வேண்டியதுதான்.

கேள்வி: அறிவிப்பு மெயில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. பிறகு எதற்கு அனுப்புவது?

நீங்கள் அனுப்பினதை இணைத்திருந்தீர்கள், படித்தேன். "நெட்வொர்க் பாதுகாப்புக் கொள்கை மேம்பாட்டுப் பணிகள் காரணமாகச் சேவைகளில் தற்காலிக இடையூறு ஏற்படலாம்." நானே இரண்டாம் வார்த்தையில் விட்டுவிட்டேன்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "செவ்வாய் காலை 10.30க்கு உங்கள் பிரிவில் இன்டர்நெட் செட்டிங் மாறுகிறது. ப்ரௌசர் ஒருமுறை மூடித் திறக்க வேண்டி வரலாம். எக்ஸல், மெயில் எதற்கும் ஒன்றும் ஆகாது. ஏதாவது திறக்கவில்லை என்றால் திரையைப் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், 10 நிமிடத்தில் பழையபடி மாற்றித் தருகிறோம்." கடைசி வரியை உண்மையாகவே செய்ய முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: "இரவு மாற்றம் செய்கிறோம், போகும்போது கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். செய்தேன். காலையில் என்னுடையதில் மட்டும் மாற்றம் இல்லை. நான் சொன்னபடிதானே செய்தேன்?

நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், சொன்னவர்தான் தப்பாகச் சொல்லிவிட்டார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருக்கும் விண்டோஸில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் கிடையாது. உள்ளே இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், காலையில் விட்ட இடத்திலிருந்து எழும். புதிதாகக் கிளம்பும்போது மட்டும் ஏற வேண்டிய பாலிசி ஏறாமல் போவது அதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்க அணைந்து முழுக்க எழும்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் இன்னொரு தரம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். நெட்வொர்க் வரும்வரை காத்திருக்காமல் உங்களைச் சீக்கிரம் உள்ளே விட்டுவிடுவது விண்டோஸின் வழக்கம், அதனால் சில பாலிசிகள் இரண்டாவது தடவையில்தான் ஏறும். ஐடியில் இருப்பவர் இதைப் படித்தால், அடுத்த அறிவிப்பில் "ஷட்டவுன்" என்ற வார்த்தையை அடித்துவிட்டு "ரீஸ்டார்ட்" என்று எழுதிக்கொள்ளட்டும்.